சலவைக்கடை சர்வர் ரூம்

மத்தியானம் ஒன்றே காலுக்கு ஹெல்ப்டெஸ்க்காரன் சட்டையை இன் செய்து, தலையைப் படிய வாரி, கழுத்தில் ஒரு நீல நாடாவை மாட்டிக்கொண்டு தன் அறைக்கு எதிர்ச்சாரியில் இருந்த சலவைக்கடைக்குள் நுழைவான். கையில் துவைப்பதற்கு ஒரு கைக்குட்டைகூட இருக்காது. பன்னிரண்டு இயந்திரங்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருக்கும் அந்தக் கூடத்தின் கோடியில், வெள்ளைச் சுவருக்கு முன்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிதான் அவன் ஆபீஸ். அங்கே உட்கார்ந்து ஊரில் இருக்கும் மனைவிக்கு வீடியோ கால் போடுவான். நாடாவின் நுனியைச் சட்டைப்பைக்குள் பத்திரமாகச் செருகியிருப்பான். அதில் தொங்கியது அவன் தங்கியிருந்த அறையின் சாவி.

"அதென்னங்க பின்னாடி உறுமிக்கிட்டே இருக்கு?" என்று முதல் நாளே மனைவி கேட்டாள்.

"சர்வர் ரூம் பக்கத்துல உக்கார வச்சிருக்காங்க. நம்பிக்கையான ஆளுங்களைத்தான் இங்க விடுவாங்க."

இன்னொரு நாள் துணி எடுக்க வந்த ஓர் அம்மாள், கடையில் வேறு இடம் இல்லாததால் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, கப்பல் பாய் அகலத்துக்கு ஒரு படுக்கை விரிப்பை உதறி, தாடையால் அழுத்திப் பிடித்து, நிதானமாக மடித்தாள். ஹெல்ப்டெஸ்க்காரனின் தலை அந்த விரிப்புக்குள் இரண்டு முறை போய் வந்தது.

"உங்க ஆபீஸ்ல பெட்ஷீட் எல்லாம் மடிப்பாங்களா?"

"பெரிய கம்பெனி. நைட் ஷிஃப்ட் ஆளுங்க படுக்கறதுக்கு."

"ஓ" என்றாள் மனைவி. தப்பித்தோம் என்று அவன் பெருமூச்சு விட்டான். அந்த 'ஓ' எப்படிப்பட்டது என்று யோசிக்கும் நிலையில் அவன் இல்லை. அவள் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக்கூடத்தில். ஊசியைக் காட்டுவதற்கு முன்பே, வந்தவன் மயங்கி விழுவானா மாட்டானா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிற பெண் அவள். அப்பேர்ப்பட்டவளிடம் மூன்று மாதமாக ஒருவன் ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்தான் என்றால் அவன் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

அவன் பிறவிப் பொய்யன் இல்லை. பத்து வருடம் ஓர் இன்டர்நெட் கம்பெனியின் ஹெல்ப்டெஸ்க்கில் தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "மோடத்துல எத்தனை லைட் எரியுது சொல்லுங்க" என்று ஊர் உலகத்தைக் கேட்டு உழைத்தவன். ஒரு நாளில் நூறு தடவை "லைன்லயே இருங்க" சொல்லிச் சொல்லி, சொந்தக்காரர்கள் மத்தியில் அதுவே அவன் பெயராகிவிட்டது. கல்யாணம் பேசும்போது முதன்முதலாக அவளைத் தனியே சந்தித்துப் பேசிவிட்டு எழுந்தவன், வாய் தவறி "வேற ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டுவிட்டான். அவள் சம்மதித்ததே அதற்காகத்தான் என்று இன்றைக்கும் சொல்வாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மேனேஜரைத் திட்ட ஆரம்பிப்பான்; அவள் டீ போட்டு முடிப்பதற்குள் திட்டி முடிப்பான். பிறகு நிம்மதியாகப் பாப்பாவோடு விளையாடுவான். குடும்பம் அப்படிச் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அதில்தான் மண் விழுந்தது. கம்பெனி ஒரு நாள் ஹெல்ப்டெஸ்க் ஆட்கள் நாற்பது பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, இனிமேல் வாடிக்கையாளர்களிடம் மெஷினே பேசும் என்று சொல்லிக் கைகுலுக்கி அனுப்பியது. அந்த ஊரில் வேறு கம்பெனி கிடையாது. கம்பெனிகள் எல்லாம் குவிந்து கிடக்கிற இந்தப் பெருநகரத்துக்கு அவன் பெட்டியோடு வந்து இறங்கினான். மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன் இங்கே லிஃப்ட் மெக்கானிக். இரண்டு கட்டிலும் ஒரு ஜன்னலும் உள்ள தன் அறையில் ஒரு கட்டிலை அவர் ஒழித்துக் கொடுத்தார்.

இரண்டாவது வாரமே ஓர் இன்டர்வியூவில் ஒருவர் அவன் தோளைத் தட்டி, "நீங்கதான் நாங்க தேடின ஆள். திங்கட்கிழமை மெயில் வரும்" என்று சொன்னார். ஹெல்ப்டெஸ்க்காரன் படி இறங்கும்போதே மனைவியைக் கூப்பிட்டு, வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டான். அவள் தன் அம்மாவிடம் சொன்னாள். அம்மாவிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் சொந்தபந்தம் முழுக்கப் போய்விடும், போய்விட்டது. பேச்சு வார்த்தை இல்லாத பெரியப்பா மகன்கூட வாழ்த்துச் சொன்னான். திங்கட்கிழமை மெயிலும் வந்தது. வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம், அவனுடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறார்களாம்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அடுத்த வாரத்துக்குள் வேறு வேலை கிடைத்துவிடும், எதற்கு வீணாகக் கலவரப்படுத்துவது என்று ஆறப்போட்டான். அந்த அடுத்த வாரம் வருவேனா என்றது. இதற்கிடையில் அவள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"மேனேஜர் எப்படிங்க?"

"தங்கமான மனுஷன்."

"கூட வேலை செய்யறவங்க?"

"எல்லாம் தங்கமான பசங்க. ஒருத்தர் வாயில இருந்து ஒரு கடுமையான வார்த்தை வந்ததில்ல."

இல்லாத மனிதர்களைக் குறை சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

இந்த லட்சணத்தில் போய்க்கொண்டிருந்தபோதுதான் திங்கட்கிழமை மத்தியானம் அவள் சாவகாசமாக ஒரு விஷயம் சொன்னாள். "வர்ற வெள்ளிக்கிழமை லேப்ல லெட்டர் கொடுத்துடறேங்க. ஒரு மாசம் நோட்டீஸ். அதுக்குள்ள பாப்பாவுக்கும் பரீட்சை முடிஞ்சிடும், டி.சி. வாங்கிட்டு வந்து சேர்ந்துடறோம். என் இடத்துக்கு ரெண்டு பேர் காத்துக்கிட்டிருக்காங்க, கொடுத்தா அன்னைக்கே ஆள் போட்டுடுவாங்க."

ஹெல்ப்டெஸ்க்காரன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவனுக்கு இல்லாத வேலையை நம்பி, அவளுக்கு இருக்கிற வேலையை விடப் போகிறாள். "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி, சிரித்த முகத்தோடு போனை வைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த ஓர் இயந்திரத்தின் வட்டக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே யாருடைய காலுறைகளோ சுற்றிக்கொண்டிருந்தன.

"சொல்லிடுங்க மாப்ள" என்றார் லிஃப்ட் மெக்கானிக், கட்டிலில் உட்கார்ந்து கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே. "கத்துவா. ரெண்டு நாள் பேசமாட்டா. அப்புறம் சரியாயிடும்."

"இன்னும் நாலு நாள் இருக்கு மச்சான். புதன்கிழமை ஒரு இன்டர்வியூ இருக்கு."

புதன்கிழமை இன்டர்வியூவும் நடந்தது. எதிரே ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும். அவர்கள் "வணக்கம்" என்பதற்குள் அவன் "உங்களைக் காக்க வச்சதுக்கு மன்னிக்கணும்" என்றான். காத்திருந்தது அவன்தான். உங்களிடம் உள்ள குறை என்ன என்று கேட்டதற்கு, "உங்கள் புகாரைப் பதிவு செய்துகொண்டேன்" என்றான். பத்து வருடம் படித்த வசனம், பதற்றத்தில் தானாக வெளியே வந்துகொண்டிருந்தது. கடைசியில் எழுந்து நின்று "வேற ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டான். அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்க. எழுதி வச்சதைப் பேசறதுக்கு எங்ககிட்ட மெஷின் இருக்கு."

அவன் அறைக்குத் திரும்பும்போது மனைவியிடமிருந்து குரல் செய்தி வந்திருந்தது. நாளைக்கு அப்பாவும் கூட உட்காருவாராம், மாப்பிள்ளையின் ஆபீஸ் வாசலையாவது கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

இதற்குச் சலவைக்கடை தாங்காது. லிஃப்ட் மெக்கானிக்கின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். வியாழக்கிழமை அவருக்குப் பதினோரு மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் மாதாந்திரப் பராமரிப்பு. வாசலில் பளிங்குத் தரை, ஆள் உயரத் தொட்டிச் செடிகள், நாலைந்து கம்பெனிப் பெயர்ப்பலகைகள் என்று ஆபீஸுக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருந்தன. மெக்கானிக் தன் கம்பெனியின் 'உதவியாளர்' அட்டை ஒன்றை அவன் நாடாவில் மாட்டிவிட்டார்.

"யாராவது கேட்டா என்கூட வந்த ஆள்னு சொல்லுங்க. பத்து நிமிஷம் பேசிட்டுக் கிளம்பிடுங்க. எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறி, மொட்டைமாடியில் இருந்த மோட்டார் அறைக்குப் போய்விட்டார்.

ஒன்றே காலுக்கு வீடியோ கால் போட்டான். திரையில் மனைவியும், அவள் தோளுக்குப் பின்னால் மாமனாரும் தெரிந்தார்கள். காதுக்கருவியை எங்கேயோ வைத்துவிட்டு வந்திருந்த மாமனார், கேட்காத குறையைக் கண்ணால் தீர்த்துக்கொள்கிறவர் போலத் திரையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். ஹெல்ப்டெஸ்க்காரன் செடியைக் காட்டினான், பளிங்கைக் காட்டினான். பெயர்ப்பலகைகளை மட்டும் வேகமாகக் கடந்தான். அப்போதுதான் செக்யூரிட்டி அவனை நோக்கி ஓடி வந்தார். நல்ல பாரியான மனிதர்.

"லிஃப்ட் ஆளு நீங்கதானே? ரெண்டாவது லிஃப்ட் ஆறாவது மாடிக்கு மேல நின்னுபோச்சு. உள்ள ஒரு அம்மா மாட்டிக்கிட்டு அழுவுறாங்க."

"இல்ல, நான் வந்து…"

"கழுத்துலதான் தொங்குதே."

மெக்கானிக்குக்குப் போன் போட்டால் மோட்டார் அறையில் சிக்னல் இல்லை. "நான் மேல போய்க் கூட்டியாறேன். நீங்க பேசிக்கிட்டிருங்க" என்று இன்டர்காம் ரிசீவரை அவன் கையில் திணித்துவிட்டு, அந்தப் பாரியான உடம்பைத் தூக்கிக்கொண்டு செக்யூரிட்டி பதினோரு மாடிப் படி ஏறப் போனார். ஹெல்ப்டெஸ்க்காரன் அவசரத்தில் தன் செல்போனை மேஜைமேல் வைத்தான். அழைப்பைத் துண்டித்துவிட்டதாக அவன் நினைப்பு. போன் மல்லாந்து கிடந்து கூரையைக் காட்டிக்கொண்டிருந்தது.

ரிசீவரைக் காதில் வைத்ததும் பழக்கம் வந்துவிட்டது. "வணக்கம் மேடம். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனப்பூர்வமா வருந்துகிறோம். உங்கள் அழைப்பு எங்களுக்கு…"

"மறுபடியும் மெஷினா?" என்று உள்ளேயிருந்து குரல் உடைந்தது. "பட்டனை அமுக்கினதுல இருந்து இதையேதான் சொல்லுது. என்னால முடியலை. மூச்சு முட்டுது."

"நான் மெஷின் இல்ல மேடம். மனுஷன்."

"மெஷினும் அப்படித்தான் சொல்லும். மெஷினுக்குத் தெரியாதது ஏதாவது சொல்லுங்க."

ஹெல்ப்டெஸ்க்காரன் வாயைத் திறந்தான். பத்து வருட வசனத்தில் இதற்கு ஒரு வரி இல்லை. உள்ளே அந்த அம்மாள் மூச்சுக்குத் திணறுவது கேட்டது. அவனையும் அறியாமல் அவனுக்குள் கிடந்த ஒரே உண்மை வெளியே வந்து விழுந்தது.

"எனக்கு வேலை இல்ல மேடம்."

"என்ன?"

"மூணு மாசமா இல்ல. என் வீட்டுக்காரிக்குத் தெரியாது. வேலை கிடைச்சிருச்சுன்னு சொல்லிட்டேன். தினம் மத்தியானம் சலவைக்கடையில உக்காந்து, ஆபீஸ்ல இருக்கற மாதிரி பேசிக்கிட்டிருக்கேன். இந்த லிஃப்ட் அட்டைகூட என்னோடது இல்ல."

திணறல் நின்றது. "சலவைக்கடையிலயா?"

"ஆமா. மெஷின் சத்தத்தை சர்வர்னு சொல்லியிருக்கேன்."

"அவங்க நம்பினாங்களா?"

"நம்பினதாலதான் மேடம் பிரச்னையே. நாளைக்கு அவ தன் வேலையை விடப்போறா."

அதற்குமேல் மாட்டிக்கொண்டிருப்பது யார் என்பதே மாறிவிட்டது. "அறிவிருக்கா உங்களுக்கு?" என்று ஆரம்பித்து அந்த அம்மாள் பிடிபிடி என்று பிடித்தாள். லிஃப்டில் நின்றுகொண்டு, ஒரு சொட்டு நடுக்கம் இல்லாத குரலில், அவன் மனைவி சார்பாக அவனை வறுத்தெடுத்தாள். அவன் ரிசீவரைப் பிடித்தபடி "ஆமா மேடம்", "தப்புதான் மேடம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் அவள் கொஞ்சம் தணிந்து, "ஏங்க சொல்லலை? அடிச்சுக் கொன்னுடுவாங்களா?" என்று கேட்டாள்.

"பத்து வருஷமா ஊர்ல இருக்கறவங்க பிரச்னையெல்லாம் நான்தான் மேடம் சரி பண்ணினேன். எனக்குன்னு ஒண்ணு வந்தப்போ கூப்பிட நம்பர் இல்ல. இருந்தது ஒரே நம்பர். அதுலயும் பொய் சொல்லிட்டேன். இப்ப எப்படிப் பேசறதுன்னு தெரியலை." சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ள வெட்கப்படவும் மறந்துபோனான்.

லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கிக் கீழே வந்து திறந்தது. கையில் மடிக்கணினிப் பையோடு ஒரு நடுத்தர வயது அம்மாள் வெளியே வந்து, அவனை மேலும் கீழும் பார்த்து, "இன்னைக்கே சொல்லிடுங்க" என்று ஓர் உத்தரவு போட்டுவிட்டுப் போனாள்.

சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் போனை எடுத்தான். திரையில் இருபத்தாறு நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. மாமனாரின் முகம் பூரித்துப்போயிருந்தது.

"மாப்பிள்ளை, சீலிங் ரொம்ப நல்லா போட்டிருக்காங்க. இவ்வளவு நேரமா பாக்கறேன், ஒரு இடத்துல விரிசல் இல்ல. நல்ல கம்பெனி."

"அப்பா, நீங்க உள்ள போங்க" என்று மனைவி சைகை காட்டினாள். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவனுக்குப் பேயறைந்தது போல இருந்தது.

"நாளைக்கு லெட்டர் கொடுக்கறதா இல்ல" என்றாள். "எழுதவே இல்ல. வேலை இல்லன்னு எனக்கு முதல் மாசமே தெரியும். வெள்ளிக்கிழமைன்னு ஒரு நாளைச் சொன்னாலாவது வாயைத் திறப்பீங்கன்னு பார்த்தேன்."

"எப்படித் தெரியும்? பெட்ஷீட்டா?"

"அதைச் சொன்னா அடுத்த தடவை அதையும் சரியா பண்ணிடுவீங்க." அவள் குரல் கம்மியது. "வேலை கிடைக்காததுக்கு நான் கோவப்படுவேன்னு நினைச்சீங்க பாருங்க, அது இருக்கட்டும். யாரோ லிஃப்ட்ல மாட்டினவங்ககிட்ட சொல்ல முடிஞ்சது, என்கிட்ட முடியலை. அதான் என்னால தாங்க முடியலைங்க."

அழைப்பைத் துண்டித்துவிட்டாள். ஹெல்ப்டெஸ்க்காரனுக்கு அந்த மூன்று மாதத்தில் வந்த நிராகரிப்பு மெயில்கள் அத்தனையும் ஒன்றாக வந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அதற்குப் பிறகு பாப்பாவோடு பேசப் போனைக் கொடுப்பாள், அவ்வளவுதான். அவன் என்ன சொன்னாலும் "ம்" என்பாள். அவன் சலவைக்கடைக்குப் போவதை நிறுத்தினான். துணியைக்கூட அறையிலேயே வாளியில் அலசிக்கொண்டான். ஒன்பதாவது நாள் லிஃப்ட் கம்பெனியிலிருந்து மெக்கானிக்கையும் அவனையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள்.

"போச்சு மாப்ள, எனக்கும் சேர்த்து" என்றார் மெக்கானிக், வழி முழுக்க.

அங்கே சர்வீஸ் தலைவர் ஒரு கடிதத்தை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். மாட்டிக்கொண்டிருந்த அம்மாள் எழுதியது. இவ்வளவு காலத்தில் இப்படி ஒரு மனிதக் குரலைக் கேட்டதில்லை என்றும், அந்த ஊழியரைக் கம்பெனி போற்ற வேண்டும் என்றும் ஒன்றரைப் பக்கம் இருந்தது.

"பாராட்ட ஆசைதான். ஆனா அப்படி ஒரு ஊழியர் நம்ம கம்பெனில இல்லையே" என்றார் தலைவர்.

மெக்கானிக் தரையைப் பார்த்தார். ஹெல்ப்டெஸ்க்காரன் இந்த முறை ஒன்றையும் மென்று விழுங்கவில்லை. அட்டை, சலவைக்கடை, மாமனார் என்று வரிசையாகச் சொன்னான். தப்பு தன்னுடையது, மச்சான் மேல் கை வைக்க வேண்டாம் என்றான். தலைவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். நகரத்தில் இருக்கும் அவர்களுடைய நானூறு லிஃப்டுகளிலிருந்தும் கம்ப்யூட்டர் வழியாக அபாய அறிவிப்பு வரும் ஓர் அறை இருந்தது. திரைகளைப் பார்த்து, எது எங்கே நின்றது என்று கண்டுபிடித்து, ஆள் அனுப்ப வேண்டும். உள்ளே இருப்பவர்களிடம் பேசும் வேலையை மட்டும் மெஷினிடம் கொடுத்திருந்தார்கள். புகார் குவிந்துகொண்டிருந்தது.

"மாட்டிக்கிட்டவங்ககிட்ட பேசின அனுபவம் எவ்வளவு இருக்கு?" என்றார் தலைவர்.

"இருபது நிமிஷம் இருக்கும் சார். மாட்டிக்கிட்டுப் பேசின அனுபவம் மூணு மாசம் இருக்கு."

ஒரு மெஷினால் வேலை போனவனுக்கு இன்னொரு மெஷினின் நாற்காலி கிடைத்தது.

மனைவியிடம் சொன்னான். "ம்" என்றாள். வேலைக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பினான். "பார்த்தேன். யார் வேணாலும் டைப் பண்ணலாம்" என்றாள். திரைகள் மின்னும் அறையையே வீடியோவில் சுற்றிக் காட்டினான். "சர்வர் ரூமா?" என்று கேட்டுவிட்டுப் போனைப் பாப்பாவிடம் கொடுத்தாள். அவளை நம்பவைக்க இனி தன்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அது சரியான தண்டனைதான் என்றும் தோன்றியது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அறைக்குத் திரும்பிய ஹெல்ப்டெஸ்க்காரன் செருப்பைக் கழற்றும்போதே போன் போட்டான். அன்றைக்கு அவனுக்கு நம்பவைக்கிற உத்தேசமெல்லாம் இல்லை. வயிறு எரிந்துகொண்டிருந்தது.

"இந்த சூப்பர்வைசர் இருக்கானே, மனுஷனே இல்ல அவன். ஒரு பாட்டி ஏழாவது மாடியில மாட்டிக்கிட்டு, அவங்க பேத்தி கதையைச் சொல்லிட்டிருக்காங்க, பாதியில வந்து கடிகாரத்தைத் தட்டறான். எல்லாரோட நாற்காலியும் ஒரே உயரத்துல இருக்கணுமாம், ஸ்கேல் வச்சு அளக்கறான். எனக்குக் கால் தரையில படலை. கேட்டா காலை வளர்த்துக்கோங்கறான். அவன் குடிக்கற கப்பைக்கூட வேற யாரும் தொடக்கூடாது. அவன் பேரை வெள்ளைப் பெயின்ட்ல எழுதி வச்சிருக்கான். இன்னைக்கு டிராயர் பூட்டுச் சாவியைத் தொலைச்சிட்டு எங்க எல்லாரோட பையையும்…"

பன்னிரண்டு நிமிடம் மூச்சு விடாமல் பேசிய பிறகுதான் எதிர்முனையில் 'ம்' கூட இல்லை என்பதைக் கவனித்தான். பயந்துபோய், "இருக்கியா?" என்று கேட்டான்.

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் பிடிபடவில்லை. இரண்டும்தான்.

"மூணு மாசம் உங்க ஆபீஸ்ல எல்லாரும் தங்கமா இருந்தாங்க. ஒரு மேனேஜரைக்கூட நீங்க திட்டலை" என்றாள். "அப்பவே தெரியும்ங்க, இந்த மனுஷன் எங்கயும் வேலைக்குப் போகலைன்னு."

அந்தப் பக்கம் ஏதோ டிராயரை இழுக்கும் சத்தம் கேட்டது. பாப்பாவிடம் அவள் பேனா கேட்பதும் கேட்டது.

"லேப்புக்கு லெட்டர் எழுத உக்காந்துட்டேன். நீங்க நிறுத்தாதீங்க, அந்த ஆளு பையை எல்லாம் பிரிச்சுப் பார்த்தானா, அப்புறம் என்ன ஆச்சு?" என்றாள். "சொல்லுங்க. லைன்லதான் இருக்கேன்."